ஓநாய் நான் இல்லை

என் அன்புக் கணவருக்கு மெட்டில்டா எழுதுவது. உங்கள் முதுகுவலி குறைந்ததா? ஊட்டியில் நான் நலம். போனில் சொன்னால் சிரிப்பீர்கள், அதனால் எழுதுகிறேன்.

இணையத்தில் பன்னிரண்டு பேர் பதிவு போட்டு, எங்களுக்குள் ரகசியமாக ஓநாய் வேடம் போடுபவர் யாரென்று ஓட்டுப் போட்டுக் கண்டுபிடிக்கும் விளையாட்டு விளையாடுவோமே, அதில் என்னை வெளியேற்றிவிட்டார்கள்! மழையில் மரம் விழுந்து, எங்கள் பள்ளி விடுதியில் இரண்டு நாள் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. அதற்குள் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், "இந்தம்மா பேசறதே இல்லீங்க, இவங்கதான் ஓநாய்" என்று எழுத, அத்தனை பேரும் எனக்கு எதிராக ஓட்டுப் போட்டார்கள். நான் ஓநாய் இல்லை என்று தெரிந்த பிறகாவது ஒருவர் மன்னிப்புக் கேட்க வேண்டாமா?

என் கம்பளி சாக்ஸை அனுப்புங்கள். சாப்பாட்டு மணி அடிக்கிறது, பிள்ளைகளை வரிசையில் நிறுத்த வேண்டும்.

டவர் வந்ததும் போனைப் பார்த்தேன். உங்களிடமிருந்து ஒரு மிஸ்டு கால்கூட இல்லை. நான் இரண்டு நாள் பேசாததை அந்தப் பாவிகளாவது கவனித்தார்கள்.

மெட்டில்டா