பெரியப்பா மேலே ஏறிவிட்டார்

ஆகஸ்ட் 3, திங்கள்

மதியத்திலிருந்து மழை. கொடியில் காய்ந்த பள்ளிச் சட்டை மறுபடி நனைந்துவிட்டது. நாளைக்குப் பழைய சட்டைதான். கையைத் தூக்கினால் இறுக்கும்.

தமிழில் எழுதுகிறேன். அப்பாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அம்மாவுக்கு இந்த வாரம் சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் இரவு வேலை.

பெரியப்பாவின் எண்ணிலிருந்து போன் வந்தது. அந்த எண் வந்தால் அப்பா எங்கே நின்றாலும் தரையில் குப்புறப் படுத்து, நெற்றி தரையில் பட்ட பிறகுதான் பேசுவார். பெரியப்பா அவருக்குச் சொந்த அண்ணன். ஆனால் நைஜீரியாவில் அவர்கள் ஊருக்கு அரசர். யொருபா மக்கள் அரசரிடம் நின்றுகொண்டு பேசமாட்டார்கள், வீடியோவில் கூட. மலேசியாவில், எங்கள் கெலாங் பாத்தா அடுக்குமாடி வீட்டுக் குசினித் தரையிலும் இதே கதை. அம்மா கத்துவார்: "ஏங்க, இப்பத்தான் மாப் போட்டேன்! ஈரத்துல படுக்காதீங்க!"

இன்று அப்பா படுக்கவில்லை.

நின்றபடியே கேட்டார். துணி துவைக்கும் மெஷினை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் வேறு யாரோ. எனக்கு யொருபா கொஞ்சம்தான் தெரியும். அந்த ஒரு வாக்கியம் மட்டும் புரிந்தது. அரசர் மேலே ஏறிவிட்டார்.

அரசர் இறந்தார் என்று அங்கே சொல்லக் கூடாது. கூரைக்குள் ஏறிவிட்டார் என்பார்கள். அதையும் ஊர்ப் பெரியவர்கள் அறிவிக்கும்வரை வெளியே விடக் கூடாது. அதுவரை அரசர் இருக்கிறார். அரண்மனையில் விடியற்காலை முரசும் வழக்கம்போல அடிப்பார்கள். அப்பா முன்பே சொல்லியிருக்கிறார், கதை மாதிரி.

பிறகு அப்பா முட்டை பொரித்தார். "ஹோம்வர்க் முடிஞ்சது?" டிவியில் ஒரு விளம்பரத்துக்குச் சத்தமாகச் சிரித்தார். சிரிக்க ஒன்றுமில்லை அதில். நானும் ஒன்றும் தெரியாத மாதிரி இரண்டு முட்டை சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை ஆங்கில வகுப்பில் பேச வேண்டும். தலைப்பு: நான் மதிக்கும் ஒருவர். போன வாரமே பெரியப்பாவின் பேரைக் கொடுத்துவிட்டேன். மாற்ற முடியாது.

அழுகை வரவில்லை. பயம் மட்டும்.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

வெயில். சட்டை உண்மையிலேயே இறுக்கம்.

கேண்டீனில் கவின்: "ராஜகுமாரி வந்தாச்சு, வழி விடுங்கடா! ஏய் டோயின், உங்க பெரியப்பாகிட்ட யானை இருக்கா?"

"இல்ல. டொயோட்டா இருக்கு."

"அலாமாக், அப்ப என்னா ராஜா? எங்க சித்தப்பாவும் டொயோட்டாதான் லா ஓட்டுறாரு."

ஹரிணி அவன் தட்டிலிருந்து நெத்திலியை எடுத்துக்கொண்டாள். "வரி," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் சிரிப்பு அப்பாவின் சிரிப்பு மாதிரியே இருந்தது.

பேச்சுக்குக் குறிப்பு:

- முன்பு லாகோஸில் லாரி டயர் விற்றவர். கை எப்போதும் ரப்பர் வாசம்.
- பழைய அரசர் போனபின் பெரியவர்கள் இஃபா குறி கேட்டார்கள். குறி இவர் பேரில் விழுந்தது. ஊர்க்காரர்கள் கடைக்கே வந்துவிட்டார்கள். பாதி விற்ற டயரை அப்படியே விட்டுப் போனார்.
- சில மாதங்கள் தனி வீட்டில் வைத்து, அரசராக இருப்பது எப்படி என்று கற்றுக்கொடுத்தார்கள். வெளியே வந்தபோது பெற்ற தாயே அவர் முன் மண்டியிட்டார்.
- மணி கோத்த கிரீடம். முகத்தின் மேல் மணிச் சரங்கள் தொங்கும். கிரீடத்தின் உட்புறத்தை அவர் பார்க்கவே கூடாது.
- சந்தையில் தக்காளி விற்கும் பெண்களுக்கும் மிளகாய் விற்கும் பெண்களுக்கும் நிழலுக்காகச் சண்டை. இவர் யார் பக்கமும் பேசாமல் சந்தை முழுக்கக் கூரை போட்டார். பிறகு கூரை ஒழுகுகிறது என்று இரண்டு பக்கமும் சேர்ந்து இவரிடம் சண்டைக்கு வந்தார்கள். தான் செய்துவைத்த சமாதானம் அது என்று பெருமையாகச் சொல்வார்.
- நினைத்தபடி ஊரைவிட்டுக் கிளம்ப முடியாது. அவர் ஜொகூருக்கு வந்ததே இல்லை. நான் அவரை நேரில் பார்த்ததில்லை.
- யார் கண்முன்னும் சாப்பிடக் கூடாது.

வகுப்பில் சொல்லப் போகாதது: அம்மா அவருக்கு ஒரு தமிழ் வார்த்தை கற்றுக்கொடுத்திருந்தார். "சாப்டியா?" போன் எடுத்ததும் அதுதான். ஒரு தடவை நான் வாய்தவறி, "நீங்க சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். தரையில் படுத்திருந்த அப்பா என் கணுக்காலைக் கிள்ளினார். அரசரிடம் அதைக் கேட்கக் கூடாது. பெரியப்பா சிரித்துக்கொண்டே போனைக் கூரைப் பக்கம் திருப்பினார். மின்விசிறி மட்டும் தெரிந்தது. பிறகு கடக் முடக் என்று சத்தம். அம்மா தபாலில் அனுப்பிய முறுக்கு.

சாயங்காலம் இன்னொரு போன், ஊர்ப் பெரியவர் ஒருவர். அப்பா கையில் சோப்பு நுரை, அதனால் ஸ்பீக்கரில் போட்டார். நான் அறையில் இருப்பதாக நினைத்தார். ஆங்கிலத்தில் பேசினார்கள். அடுத்த அரசருக்கு மூன்று பேர்கள். அப்பா, இபாடானில் இருக்கும் சித்தப்பா, எனக்குத் தெரியாத ஒருவர். விரைவில் இஃபா கேட்பார்கள். அந்தக் குரல் கடைசியில் சொன்னது: யார் வீட்டிலிருந்து செய்தி வெளியே போகிறதோ, அந்த வீட்டின் பேரை எடுத்துவிடுவோம். வாயைக் காக்காத வீடு கிரீடத்தைக் காக்காது.

அப்பா: "நான் மறுக்கவில்லை. எனக்கு இங்கே மனைவியும் மகளும் இருக்கிறார்கள் என்று மட்டும் சொல்கிறேன்."

குறி அப்பா பேரில் விழுந்தால்? டயர் கடை மாதிரிதான் நாங்களும். பாதியில்.

ஆகஸ்ட் 5, புதன்

நடந்தது நிறைய. வரிசையாக எழுத வேண்டும்.

காலையில் அம்மா வேலை முடிந்து பாலம் தாண்டி வந்தார். அப்பா இன்றுதான் அவரிடம் வாய் திறந்தார்: "அண்ணனுக்கு உடம்பு சரி இல்ல." அம்மா நர்ஸ். அப்பாவின் முகத்தைப் பார்த்தார், வேறொன்றும் கேட்கவில்லை. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது. நான் பள்ளிக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்து போனைப் பார்த்தால், குடும்பக் குழுவில் அந்தோணி மாமா. அம்மாவின் அண்ணன், பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறார். கல்யாணம், திருவிழா, சாவு, எல்லாம் அவர்தான். அம்மா அவரிடம் அழுதிருக்கிறார், அவ்வளவுதான். மாமா உடனே வேலையில் இறங்கிவிட்டார்.

'கண்ணீர் அஞ்சலி.' பெரியப்பாவின் படம். சுற்றிலும் வெள்ளை லில்லி. மூலையில் மெழுகுவர்த்தி. மேலே பறக்கும் புறா. மணிக் கிரீடம் பத்தாதென்று அதற்கு மேல் இன்னொரு தங்கக் கிரீடம், மாமா சொந்தமாகச் சேர்த்தது. கீழே 'மன்னாதி மன்னர்'. அதற்கும் கீழே செய்தி: "சாயந்தரம் ஃபேஸ்புக்ல போடுறேன். எல்லாரும் ஷேர் பண்ணுங்க."

கட்டிலில் உட்கார்ந்தேன்.

நான் ஒன்றுமே செய்ய வேண்டாம். குளித்துவிட்டு மீ கோரெங் சாப்பிட்டால் போதும். படம் போகும். யாராவது பார்ப்பார்கள். ஊருக்குத் தெரியும். அப்பாவின் பேர் போகும். அப்பா இங்கேயே இருப்பார். என்மேல் ஒரு குற்றமும் இல்லை, மாமாமேலும் இல்லை. அவர் அன்பாகச் செய்தது.

இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் நினைத்தேன். நல்ல யோசனையாகத்தான் இருந்தது.

பிறகு அந்த முட்டை ஞாபகம். அண்ணன் செத்து, அழக்கூட முடியாமல், எனக்கு முட்டை பொரித்துக்கொண்டு நின்றார். அப்பா அப்படிக் காத்ததை நான் மாமாவின் புறாவுக்குக் கொடுத்துவிடுவதா?

சைக்கிள். நேராக மாமா கடை. சீருடைகூட மாற்றவில்லை.

"மாமா, அந்தப் படத்த எடுங்க."

"ஏம்மா, புறா நல்லா இல்லையா?"

"புறா நல்லாத்தான் இருக்கு. எடுங்க."

"நம்ம வீட்டுச் சாவு டோயினு. ராஜா வேற. சும்மா விட்டா நாலு பேரு என்னா நெனப்பான்?"

"பெரியப்பா சாகல மாமா."

"பின்ன உங்கம்மா ஏன் அந்த அழுவ அழுவுறா?"

"அந்த ஊருல சொல்ற வரைக்கும் சாகல. நம்ம முந்திக்கிட்டா அப்பாவுக்குத்தான் அவமானம்."

மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அடோய்... நம்ம ஆளு செத்தா, ஒடம்பு வீட்டுக்கு வர்றதுக்குள்ள லைட் போஸ்ட்ல பேனர் தொங்கும். இவங்க ராஜா செத்தா மூடி வப்பாங்களா?"

"ஆமா."

"யாரும் அழக்கூடாதா?"

"வெளிய தெரியக் கூடாது."

மாமா கண்ணாடியை மறுபடி மாட்டினார். பிறகு குழுவில் அழித்தார். ஒவ்வொரு அத்தைக்கும் தனித்தனியாகப் போன் போட்டார்: "அது டெஸ்ட் பிரிண்ட் லா. தப்பா வந்துருச்சு. அழிச்சிரு." நான் கவுண்டரை விட்டு நகரவில்லை. கடைசி அத்தை வரை நின்றேன்.

பெரிய பேனர் ஏற்கெனவே அடித்திருந்தார். சுருட்டி என் கையில் கொடுத்தார். "சொல்ற அன்னிக்குக் கட்டுவோம். காசு போட்டு அடிச்சது, வீணாவாது."

என் கட்டிலுக்கடியில் இருக்கிறது. அறை முழுக்க மை வாசம்.

ஆகஸ்ட் 6, வியாழன்

பேசினேன். கடைசிப் பாடவேளை. டயர், கிரீடம், சந்தைக் கூரை. டீச்சர் முடிவில் கேட்டார், இப்போது அவர் என்ன செய்துகொண்டிருப்பார் என்று. "அங்கே இப்போதுதான் விடியும். அரண்மனையில் முரசு அடிப்பார்கள்," என்றேன். பொய் இல்லை. கவின்கூடக் கை தட்டினான்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் நேராகச் சொல்லிவிட்டேன். தள்ளிப் போட்டால் தைரியம் போய்விடும்.

"எனக்குத் தெரியும்ப்பா. திங்கக்கிழமையிலேருந்து."

அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "நீ எவ்ளோ கேட்டது?"

"எல்லாம். மூணு பேரு வரைக்கும்."

பேனர் கதையும் சொன்னேன். கட்டிலுக்கடியிலிருந்து எடுத்து விரித்துக் காட்டினேன். இரண்டாவது கிரீடத்தைப் பார்த்துச் சிரித்தார். இந்த வாரத்தில் முதல் உண்மையான சிரிப்பு. சிரித்துக்கொண்டே இருந்தவர் அழுதுவிட்டார். அம்மா வந்து அவர் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"போகாதீங்கப்பா."

"கூப்பிட்டா போகணும், டோயின். என் அண்ணனும் அப்படித்தான் போனது."

"அப்ப என்னையும் கேக்கச் சொல்லுங்க. எங்கள யாரும் கேக்கலையே."

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு போன் எடுத்தார்.

அந்த ஊர்ப் பெண்களுக்கெல்லாம் தலைவி ஒருவர், அரசரைத் தேர்ந்தெடுக்கும் சபையில் அவருக்கும் இடம் உண்டு. வீடியோவில் வந்தார். தலையில் பெரிய நீலத் துணிக்கட்டு. நான் மண்டியிட்டேன். ஆங்கிலத்தில் நிதானமாகக் கேட்டார்: உன் அப்பாவைக் கூப்பிட்டால் நீயும் உன் அம்மாவும் கூட வருவீர்களா?

அப்பா சுவரைப் பார்த்தார். வருவோம் என்றால் மரியாதை. எல்லாருக்கும் அதுதான் சுலபம்.

"இல்லை அம்மா," என்றேன். "அம்மாவுக்கு இங்கே வேலை. எனக்குப் பள்ளி. அப்பா வந்தால் தனியாகத்தான் வருவார்."

"உனக்குப் பயமாக இருக்கிறதா?"

"இருக்கிறது."

"ஆனாலும் சொல்கிறாய்."

"ஆமாம்."

வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தார். மெல்வதை நிறுத்தினார். "வீட்டில் பாதி கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தால் அரசர் ராத்திரியில் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார்? குறி கேட்பதற்கு முன் இதைச் சபையில் சொல்வேன். முடிவு என் கையில் இல்லை."

வைத்துவிட்டார்.

முழங்காலில் தரையின் கட்டம் பதிந்திருக்கிறது. இன்னும் போகவில்லை.

ஆகஸ்ட் 15, சனி

அறிவித்துவிட்டார்கள்.

மாமா ஏணியோடு வந்தார். பேனர் இப்போது அடுக்குமாடி வாசலில், குப்பைத்தொட்டிக்கு எதிர்வேலியில். அப்பா கீழே போய் அதன் முன் நின்றார். அம்மா முறுக்கு சுட்டார், துக்க வீட்டில் யாரும் சுடமாட்டார்கள், ஆனால் சுட்டார். கவின் அவன் அம்மாவோடு வந்தான். பேனரை அண்ணாந்து பார்த்தான். "ரெண்டு கிரீடம்," என்றான், கிண்டல் இல்லாமல்.

எல்லாரும் போனபின் படுத்துக்கொண்டு மேலே பார்த்தேன். மின்விசிறி சுற்றியது. அப்போதுதான் வந்தது அழுகை.

குறி இன்னும் கேட்கவில்லை.

அக்டோபர் 10, சனி

ரொம்ப நாள் எழுதவில்லை. எழுத ஒன்றுமில்லை, காத்திருப்பதுதான். அப்பா கப்பல்துறை வேலைக்குப் போகிறார், வருகிறார். போன் அடித்தால் மூன்று பேரும் சாப்பாட்டைப் பாதியில் நிறுத்துகிறோம்.

இன்று காலை அம்மா மாப் போட்டுக்கொண்டிருந்தார். போன் அடித்தது. பெரியப்பாவின் பழைய எண். அரண்மனை எண்.

அப்பா நின்றபடியே எடுத்தார். அம்மா மாப் கம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நான் முடிவு செய்து வைத்திருந்தேன், அழமாட்டேன், பெட்டி அடுக்க உதவி செய்வேன், ஒவ்வொரு நாளும் போன் செய்வேன், அப்பாவைச் சாப்டியா என்று கேட்கவிடுவேன்.

அந்தப் பக்கம் இபாடான் சித்தப்பாவின் குரல்.

அப்பா கண்ணை மூடினார். போனை மெதுவாகத் தரையில் வைத்தார். பிறகு ஈரத் தரையில் நீட்டி, முழுசாகப் படுத்து, நெற்றியைத் தரை ஓட்டில் வைத்து, "கபியேசி" என்றார். அரசரை மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவார்கள்.

அம்மா வாயைத் திறந்தார். மூடினார்.

"படுங்க," என்றார். "நல்லாவே படுங்க."