படிக்காமல் கிடந்த மெயில்

பிரேசர் டவுன், பெங்களூர்
28.7.2002

அன்புள்ள யூஜினுக்கு,

பவுலின் எழுதுவது. நானும் குழந்தை தர்ஷினியும் சுகம். அவளுக்குச் சளி விட்டுவிட்டது. மஸ்கட் வெயிலில் தலையில் துணி கட்டாமல் வெளியே போகாதீர்கள்.

உங்கள் மெயிலுக்குப் பதில் போடவில்லை என்று கோபமா? ஆபீஸ் விட்டு வந்தால் கம்ப்யூட்டர் பக்கம் போகவே பிடிக்கவில்லை. அதனால்தான் பேனா.

மருந்து சப்ளை செய்யும் எங்கள் கம்பெனியில் புகார் பார்ப்பது என் வேலை. தினமும் இருநூறு மெயில் வரும். முக்கால்வாசி எனக்குச் சம்பந்தமில்லாத ரிப்போர்ட். எல்லாருக்கும் ஒரு காப்பி. மே மாதம் அவற்றுக்கு அடியில், தங்கவயல் ஆஸ்பத்திரி நர்ஸ் ரத்தினம்மாள் அனுப்பியது கிடந்திருக்கிறது. ஒரு குளுக்கோஸ் பாட்டிலில் நூல் நூலாக ஏதோ மிதக்கிறது, அதே சரக்கில் மீதி பாட்டில்களைப் பயன்படுத்தலாமா என்று கேட்டிருந்தார். நான்கு நாள் கழித்துத்தான் பார்த்தேன். அதற்குள் பக்தவச்சலம் என்ற பெரியவருக்கு, பார்வைக்குச் சுத்தமாக இருந்த ஒன்றை ஏற்றிவிட்டார்கள். குளிர் ஜுரம், பிறகு நினைவே இல்லை.

மறுநாளே பஸ் ஏறிப் போனேன். ரத்தினம்மாள் என்னைத் திட்டவில்லை. "உங்க கம்பெனிக்கு போன் பண்ணேம்மா, மெயில் போடுங்கன்னாங்க. போட்டேன். வேற என்னா பண்றது?" என்றார்.

எங்கள் மேனேஜர் கோவிந்தப்பா கண்டுபிடித்த வழி, "புகார் பத்தி தினம் இன்னொரு ரிப்போர்ட் குடுத்துடும்மா." எனக்கு அலுத்துவிட்டது. என் பிரிவு அனுப்பும் பதினோரு ரிப்போர்ட்டில் ஒன்பதை, யாரிடமும் சொல்லாமல் நிறுத்தினேன். மூன்று வாரம் ஒருவரும் கேட்கவில்லை. நானே போய்ச் சொன்னேன். சத்தம் போட்டார். பிறகு, "எந்த ஒன்பது?" என்றார்.

இப்போது புகாருக்குத் தனி போன். பாட்டில் நம்பரைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்து எழுதுகிறேன். நான் பதில் சொல்லும்வரை ஆஸ்பத்திரியில் அந்தச் சரக்கைத் தொடக்கூடாது. இந்த மாதம் இரண்டு தடவை சரக்கை நிறுத்தினோம்.

பெரியவர் பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டார். வலது கை சரியாக எழவில்லை. போன சனிக்கிழமை பார்க்கப் போனேன். அவர் மனைவி தனலக்ஷ்மி காபி கொடுத்து, "கம்பெனிலேர்ந்து நீயாச்சும் வந்தியேம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த மெயிலை நான்கு நாள் பார்க்காமல் விட்டவள் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இதற்கு மெயில் போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வீட்டிலேயே இருப்பேன், போன் செய்யுங்கள். ஆறுதல் ஒன்றும் சொல்ல வேண்டாம். நான் சொல்வதை முழுசாகக் கேட்டால் போதும்.

கர்த்தர் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உங்கள்
பவுலின்