எதிர்ப்பக்கம் சுற்றிய காயில்

அன்புள்ள என் மோட்டார் கடைக்காரருக்கு,

நான் நலம். உங்கள் முதுகுவலி தேவலையா?

ஜெயித்துவிட்டேன்! விண்மீன்களுக்கிடையே கொந்தளிக்கும் வாயுவைக் காந்தப்புலம் என்ன செய்யும் என்று பார்க்க, இரண்டு மின்காந்தக் கம்பிச்சுருள்களுக்கு, அதாவது காயில்களுக்கு, நடுவே தொட்டியில் திரவ உலோகத்தைக் கலக்கிக்கொண்டிருந்தேனே, ஆறு மாதமாகச் சுழல்கள் மசியவே இல்லை. "ரெண்டு காயிலும் ஒரே பக்கமா சுத்தியிருக்கா, பாரு" என்று போனில் சொன்னீர்கள். "இது என்ன, உங்க தண்ணி மோட்டாரா?" என்று சிரித்தேன். நேற்று பார்த்தால், ஒன்று எதிர்ப்பக்கம் சுற்றியிருக்கிறது! அதன் வயர் முனைகளை மாற்றிப் போட்டதும் சுழல்களெல்லாம் காந்தத்தின் திசையில் நீள நீளமாக வரிசை கட்டின. பேராசிரியர், "யாரு கண்டுபிடிச்சது?" என்றார். "எங்க வீட்டுக்காரர்" என்றேன்.

அவசரத்தில் விரலில் லேசாகச் சுட்டுக்கொண்டேன், ஒன்றுமில்லை.

உங்கள் பழைய டெஸ்டரை அனுப்புங்கள். இங்கேயும் கிடைக்கும், ஆனால் அதன் பிடியில் உங்கள் பல் தடம் இருக்காது.

பஸ் வந்துவிட்டது.

உங்களிடம் மட்டும் தோற்றவள்