கிரவுண்டு

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். கடலூரில் இலை அசையவில்லை. பதினோரு மணி போல ஸ்பீச் தெரபிப் பெண் வந்தாள். பக்கவாதத்துக்குப் பிறகு என் கணவருக்கு எல்லாம் புரிகிறது, சொல்லத்தான் வார்த்தை வருவதில்லை. வந்தாலும் மாறி வருகிறது.

இன்று பட அட்டைகள். பசு, சொன்னார். குடை, சொன்னார். வீடு, வாயே திறக்கவில்லை. அடுத்த அட்டையில் ஊஞ்சல், சறுக்குமரம், ஓடுகிற பிள்ளைகள். கீழே ‘விளையாட்டுத் திடல்’ என்று எழுத்து. பார்த்த உடனே தெளிவாக, “வீடு.”

“மாத்தி வருதும்மா. சகஜந்தான்” என்று அந்தப் பெண் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மருந்துக்கடை: பி.பி. மாத்திரை, பஞ்சு.

ஜூலை 10, வியாழன்

மறுபடி அதே அட்டை. மறுபடி “வீடு.”

“வீட்ல இத எப்புடிச் சொல்லுவீங்கம்மா?”

“கிரவுண்டுன்னு.”

“அப்ப அதையே சொல்லிக் காட்டுங்க.”

சொன்னேன். இவர் முகம் சுருங்கிவிட்டது. அட்டையைக் கவிழ்த்து வைத்தார்.

மத்தியானம் முழுக்க இதே யோசனை. இவர் சிதம்பரத்தில் பள்ளிக்கூட பி.டி. சாராக இருந்த காலமெல்லாம் விடியுமுன் ரயில், இருட்டிய பின் வீடு. ஞாயிற்றுக்கிழமையும் மேட்ச். ‘கிரவுண்டு’ என்று நான் சொன்னதெல்லாம் சண்டையில்தான். என் வாயில் அது ஒரு வசவு. இன்றைக்கும் அப்படித்தான் வந்திருக்கும்.

ஜூலை 11, வெள்ளி

சாயங்காலம் தூறல். சென்னையில் இருக்கிற மகள் கவிதாவுக்குப் போன். அட்டை விஷயம் சொன்னேன்.

“அப்பா என்னயும் ஒருநாள் அங்க கூட்டிட்டுப் போனாரும்மா. நீதான் பொம்பளப் புள்ள வெயில்ல கறுத்துப் போயிடும்னு சத்தம் போட்ட. அப்புறம் கூப்புடவே இல்ல.”

எனக்கு ஞாபகமே இல்லை. அவளுக்கு இருக்கிறது. சாம்பார் அடிப்பிடித்துவிட்டது.

ஜூலை 13, ஞாயிறு

கார் வைத்துச் சிதம்பரம். பள்ளிக்கூட வாட்ச்மேன், “பி.டி. சாரா? உள்ள வாங்க சார்” என்று கேட்டைத் திறந்தார்.

ஊஞ்சல் இல்லை, சறுக்குமரம் இல்லை. வெறும் மண். துருப்பிடித்த இரண்டு கோல்போஸ்ட். இதற்காகவா இத்தனை வருஷம் என்று இருந்தது. பெண்பிள்ளைகள் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள்.

எல்லையில் நின்று இவர் செருப்பைக் கழற்றினார். என் காலைப் பார்த்தார். நானும் கழற்றினேன். மண் சுட்டது. சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து, நல்ல கையால் பக்கத்தில் தட்டினார்.

“ஒக்காரு.”

சரியான வார்த்தை. ஒரு தடவையில் வந்தது.

ஆட்டம் முடிகிறவரை கண் எடுக்கவில்லை. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“என்னங்க, யாரு ஜெயிச்சது?”

சொல்ல வாயெடுத்தார். உதடு மட்டும் அசைந்தது. தலையை ஆட்டிக்கொண்டு விட்டுவிட்டார்.

மேட்ச் முடிந்து எத்தனையோ நாள் வீட்டுக்கு வந்திருக்கிறார். ஒருநாளும் நான் இதைக் கேட்டதில்லை.