செகரட்டரி வாங்கிய கிராபிக்ஸ் கார்டு

ஜன. 18, ஞாயிறு

டெல்லி மூடுபனி. சர்ச் வாசலில் நின்று பார்த்தால் மேலே சிலுவை தெரியவில்லை. இடது முழங்கால் வலி.

ஆராதனை முடிந்து கமிட்டி. வீடியோ பொறுப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். எடுத்தவர் ஜெபராஜ், புது செகரட்டரி. (இனி ஜெ. போதும். முழுப் பெயர் எழுத மை வீண்.) "அக்கா ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றார். ரெஸ்ட் யார் கேட்டது?

ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்குக் கல்யாணம், அடக்கம் எல்லாம் நேரலையில் காட்டிக்கொண்டிருந்தது நான். படம் திக்கித் திக்கி வருகிறதாம். சர்ச் கம்ப்யூட்டருக்கு ஜெ. கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறாராம்.

அந்தக் கம்ப்யூட்டரும் என் வீட்டுக் கம்ப்யூட்டரும் ஒரே ஆபீஸில் கழித்துக் கட்டியவை. ஒரே மாடல், ஒரே ஒல்லி கேபினட். எழுந்து சொன்னேன்: வாங்குமுன் உயரம், நீளம், பவர் சப்ளை மூன்றும் பார்க்க வேண்டும்.

ஜெ.: "ஸ்லாட்டு இருக்கு, கார்டு இருக்கு, சொருகினா முடிஞ்சி. நீங்க எதுக்குக்கா கிடந்து பயப்படுதிய? இது என்ன நரம்பு பாத்து ஊசி போடுத வேலையா?"

எல்லாரும் சிரித்தார்கள். பாஸ்டரும். பச்சைக் குழந்தைகளுக்கு நரம்பு தேடி ஊசி போட்டே ரிட்டயர் ஆன நர்ஸ் நான்.

பொருத்தனை: அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றி ஜெ.யிடம் இனி ஒரு வார்த்தை சொல்வதில்லை. பழி வாங்குவது கர்த்தருடைய வேலை என்று தெரியும். அவருக்கு வேலை அதிகம்.

வாங்க: ரஸ்க், தைலம், முட்டை.

ஜன. 20, செவ்வாய்

வெயில் எட்டிப் பார்த்தது. ரஜாய்ப் போர்வையை மாடியில் காயப் போட்டேன்.

என் மெஷினைத் திறந்தேன். ஜெ. போடுமுன் நல்ல கார்டு நான் போட்டுக் காட்டுவேன். உள்ளே ஒரு விரல் தடிமனுக்குத் தூசி. தையல் டேப்பை வைத்து அளந்தேன்.

ஸ்லாட்: நீளமான வகை, காலி. சரி.
உயரம்: பின்பக்கத் திறப்பு சாதாரண கேபினட்டில் இருப்பதில் பாதிதான். முழு உயரக் கார்டு நிற்காது.
நீளம்: ஒரு சாண். அதற்கு மேல் ஹார்ட் டிஸ்க் இடிக்கும்.
பவர் சப்ளை: கண்ணாடியை மாற்றிப் போட்டு ஸ்டிக்கரைப் படித்தேன். 240 வாட். கார்டுக்கென்று தனி ஒயர் இல்லவே இல்லை.

ஆகவே வேண்டியது: கேபினட்டில் திருகும் தகடு குட்டையானது, ஸ்லாட்டிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்வது, சின்னது. பெரிதாகப் போட்டும் பிரயோஜனமில்லை. இந்தக் கிழட்டு ப்ராசஸரால் அதற்கு ஈடு கொடுக்க முடியாது.

சாயங்காலம் சர்ச் வாட்ஸப் குரூப்பில் ஜெ. போட்ட படம். "ஸ்தோத்திரம்! புது கார்டு!" இரண்டு ஃபேன். முழு உயரம். தலையில் ஆறு துளையுள்ள பவர் சாக்கெட். அந்த ஒல்லி கேபினட்டுக்குள் இது ஜென்மத்துக்கும் போகாது.

"போகாது" என்று தட்டினேன். அழித்தேன். எல்லாரையும் போல நானும் ஒரு கைகூப்பு.

நல்ல தூக்கம் வரும் போலிருக்கிறது.

ஜன. 22, வியாழன்

குளிர் காற்று. மெட்ரோ மாறி நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் பஜார். கடைக்காரர்: "மாதாஜி, ஆங்க் பந்த் கர்கே லே லோ. சப் சலேகா." கண்ணை மூடிக்கொண்டு வாங்கவாம், எல்லாம் ஓடுமாம். கண்ணைத் திறந்துகொண்டு டேப்பை எடுத்தேன். அவர் சிரிப்பு நின்றது. குட்டைத் தகட்டை அங்கேயே மாட்டித் தரச் சொன்னேன்.

வீட்டில் கார்டு அழகாக உட்கார்ந்தது. ஒரு இடி, ஒரு உரசல் இல்லை. மூடினேன். ஆன் செய்வதற்கு முன் மானிட்டர் ஒயரை மாட்டப் போனால், மாட்ட இடமில்லை. என் மானிட்டர் பழைய நீல ஒயர்க்காரன். கார்டில் அந்த வாயே கிடையாது.

கேபினட்டின் குடல் வரை அளந்தவள் மானிட்டரின் முதுகைப் பார்க்கவில்லை. இதற்கும் ஜெ. தான் காரணம். மனசெல்லாம் அந்த ஆள் மேல் இருந்தால் கண் எப்படி வேலை செய்யும்?

மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் ஹாலில் டிவியோடு மாட்டினேன். படம் வந்தது. கிறிஸ்துமஸ் பாட்டு வீடியோவை ஓட்டினேன். ஒரு திக்கல் இல்லை. யாருக்கும் சொல்லவில்லை.

முழங்கால்: மோசம்.

ஜன. 24, சனி

மழை தூறல். மதியம் டேனியல் போன், சர்ச் காவலுக்கும் மணிக்கும் இருப்பவன். பிறந்ததே டெல்லி.

"ஆன்ட்டி, ஜல்தி வாங்க. அந்தக் கார்டு போகல. செகரட்டரி சார் அதோட தகட்டைக் கழட்டிட்டு ஜோர் போட்டு அமுக்குனாரு. டக்னு சத்தம்."

"எது உடைஞ்சிது?"

"பதா நஹி, தெரியல. இப்ப கார்டை வெளிய எடுத்தாச்சு, ஆனா மெஷினே ஆன் ஆகல."

"அப்படியா" என்றேன். வைத்துவிட்டேன். டீ போட்டு ரஸ்க் நனைத்துத் தின்றேன். இன்றைக்கு ரஸ்க் ருசியாக இருந்தது.

பிறகு ஷைனி கூப்பிட்டாள். என் வார்டில் என்னிடம் வேலை கற்ற பெண். திங்கள்கிழமை அவள் கல்யாணம். அவள் அம்மா ரத்தினபாய் பாளையங்கோட்டையில் இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில். நேரலையில்தான் மகள் கல்யாணத்தைப் பார்க்க வேண்டும். போனில் காட்டிக்கொள்ளலாம் என்றாராம் ஜெ. போன தடவை போனில் காட்டியதில் தெரிந்தது தூணும் ஃபேனும். பாதியில் சூடாகி அதுவும் போச்சு.

"ஆன்ட்டி, எங்கம்மா ஒரு வாரமா எல்லா நர்ஸுங்ககிட்டயும் சொல்லிட்டு இருக்காங்க, திங்கக்கிழமை யாரும் ஊசி போட வராதீங்கன்னு." அழுகை.

நான் போகாவிட்டால் ஜெ. சபை முழுக்க நாறுவார். நான் கேட்டது அதுதான். ஆனால் ரத்தினபாய் தூணைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். அவள் எனக்கு என்ன கெடுதல் செய்தாள்?

என் மெஷினைக் கொண்டுவருகிறேன் என்றேன். ஒரு நிபந்தனை, ஜெ. தன் வாயால் கேட்க வேண்டும்.

இருட்டுமுன் ஜெ. போன் வந்தது.

"அக்கா, மனசுல ஒண்ணும் வச்சிக்கிடாதிய."

"வச்சிருக்கேன் தம்பி. திங்கக்கெழமை நான் சொல்லுத எடத்துல நீங்க நிக்கணும். முடிய வரைக்கும்."

"எங்கனாலும் நிக்கேன்க்கா."

ஜன. 26, திங்கள்

பனி விலகி நல்ல வெயில். குடியரசு தினம், பாதி ரோடு அடைப்பு. என் மெஷினை டேனியல் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான்.

சர்ச் புரொஜக்டரில் புது ஒயருக்கு வாய் உண்டு. மாட்டியதும் படம். ஆனால் மேடைக்கு இடப்பக்கம் வீடியோ மேஜையை ஒட்டிய சுவர் சாக்கெட் லொடலொட. ப்ளக்கை விட்டால் மெஷின் அணைகிறது. டேப் ஒட்டிப் பார்த்தோம், நிற்கவில்லை. அடுத்த சாக்கெட்டுக்கு ஒயர் எட்டவில்லை.

ஜெ. கோட்டு, டை, பாலிஷ் போட்ட ஷூ. பெண் வீட்டாரை வரவேற்க முன்வரிசைக்குப் போகிறார்.

"தம்பி, இதைப் பிடிச்சிக்கிட்டு நில்லுங்க."

"டேனியல் பிடிக்கட்டுமேக்கா."

"டேனியல் மணி அடிக்கணும்."

சாக்கெட் முழங்கால் உயரத்தில். குனிந்தார். நான் காமிராவைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினேன். கொஞ்சம்தான். பெண்ணும் மாப்பிள்ளையும் நடுவில், பாஸ்டர் வலது பக்கம், இடது ஓரத்தில் ஜெ.

பிரசங்கம் நீளம். தாலி எடுக்கும் நேரம் மேலே விமானப்படை விமானங்கள் வரிசையாகப் போய்க் காது அடைத்தது. ஜெ. ஒரு முறை நிமிரப் பார்த்தார்.

"கைய எடுத்தியன்னா, தாலி கட்டுததை ரத்தினபாய் பாக்க மாட்டா."

மறுபடி குனிந்தார். கடைசிப் பாட்டு வரை.

படம் ஒரு தடவைகூடத் திக்கவில்லை.

பிரியாணியில் உப்பு குறைவு.

ஜன. 27, செவ்வாய்

மறுபடி மூடுபனி. பால்காரர் லேட்.

காலையில் ரத்தினபாய் போன். எல்லாம் பார்த்தாளாம், தாலி முடிச்சு வரைக்கும். அப்புறம்: "ஏட்டி, ஓரத்துல ஒரு ஆளு கோட்டு போட்டுக்கிட்டு குனிஞ்சே நின்னாரே. பாவம், அவருக்கு வயித்துவலியா?"

"வலியெல்லாம் இல்ல. அவருதான் எங்க செகரட்டரி."

மதியம் ஜெ. மெசேஜ். கல்யாண வீடியோவைக் குரூப்பில் போடுமுன் இடது ஓரத்தைக் கொஞ்சம் வெட்ட முடியுமா அக்கா என்று.

புது கார்டில் அது டீ கொதிக்கிற நேரத்து வேலை.

"முடியும் தம்பி" என்று பதில் போட்டேன். வீடியோவை அப்படியே குரூப்பில் ஏற்றினேன்.