முதுகை அளக்க மறந்த மேஸ்திரிக்கு

எல்லாரையும்விட எனக்குப் பிரியமான நைனாவுக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தில் நடந்ததை எல்லாம் உள்ளது உள்ளபடி எழுதப்போகிறேன். உங்களுக்குப் பெருமை சேர்க்காதவற்றையும் எழுதுவேன். எனக்குப் பெருமை சேர்க்காத விஷயம் ஒன்று இருக்கிறது. அதையும் எழுதுவேன்.

பள்ளிக்கூட ஆண்டு மலருக்காக, காலமான ஒருவருக்குக் கடிதம் எழுதும்படி தமிழ் டீச்சர் சொல்லியிருக்கிறார். மற்றப் பெண்கள் 'தாங்கள் எங்கள் ஒளிவிளக்கு' என்று ஆரம்பித்திருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தேன், எங்கள் வகுப்பில் மட்டும் ஒன்பது ஒளிவிளக்குகள். உங்களை அப்படி எழுதினால், யாரைச் சொல்கிறேன் என்று நீங்களே திரும்பிப் பார்ப்பீர்கள்.

உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் நீங்கள் யார் என்று உங்களுக்கே சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் ஆம்பூர் சாமுவேல் மேஸ்திரி. தோல் ஷாப்பில் பதனிட்ட ஆட்டுத் தோல்களை விரித்துப் பார்த்து, அளந்து, தரம் பிரிப்பது உங்கள் வேலை. உங்களுக்கு இரண்டு பிள்ளைகள்: பதின்மூன்று வயது லீதியாள் ஆகிய நான், ஐந்து வயது தாவீது. ஜூன் மாதம் நான்கு நாள் காய்ச்சலில் எங்களை விட்டுப் போனீர்கள்.

அடக்க ஆராதனையில் போதகர், "சாமுவேல் மேஸ்திரி ஆடை அலங்காரத்தில் நாட்டமில்லாதவர்" என்றார். நான் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தேன். அம்மாவும் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். உங்கள் உடம்பைப் பொறுத்தவரை போதகர் சொன்னது உண்மைதான். உங்களிடம் இருந்தவை இரண்டு வேட்டியும் கோயிலுக்குப் போட ஒரு கோட்டும். ஆனால் எங்கள் உடம்பைப் பொறுத்தவரை? போதகருக்கு அந்தக் கேட்லாக்கைப் பற்றித் தெரியாது.

மதராஸ் மவுண்ட் ரோட்டில் இருக்கும் துணிக் கம்பெனி, பிள்ளைகளின் உடுப்புகளைப் படம் போட்டு அச்சடித்து, கேட்டவர்களுக்கெல்லாம் தபாலில் அனுப்புகிற புத்தகம் அது. அது வந்த நாளில் நீங்கள் கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவுவீர்கள். ஆனாலும் தோல் பதனிடும் ஆவாரம்பட்டையின் சாயம் விரல் நகத்தைவிட்டுப் போகாது. பிறகு பாயில் உட்கார்ந்து, ஒரு தாளை எடுத்து மடக்கிப் பார்ப்பீர்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பீர்கள், கடைசியில் முகர்ந்தும் பார்ப்பீர்கள்.

"ஏன்யா, படிக்கிற பொஸ்தகத்த எதுக்கு மோந்து பாக்குற? அதுவும் ஆட்டுத்தோலா?" என்பாள் அம்மா.

"பதம் தெரியும்" என்பீர்கள்.

அதில் இருந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் எல்லாரையும் உங்களுக்குத் தெரியும். பந்து வைத்திருப்பவனுக்குக் கோவிந்தன் என்று பெயர் வைத்தீர்கள். தொப்பி போட்ட பெண் கமலா. "கோவிந்தனுக்கு இந்த வருசம் சட்ட சரியில்லம்மா. தோள்ல தூக்கினு நிக்குது" என்று வருத்தப்படுவீர்கள். போன வருடத்துக் கமலா இந்த வருடப் புத்தகத்தில் இல்லாதபோது, "கட்டிக் குடுத்துட்டாங்களோ?" என்று கேட்டீர்கள். வேடிக்கைக்காகக் கேட்டீர்களா, உண்மையாகவே கேட்டீர்களா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

படத்துக்குக் கீழே இருக்கும் ஆங்கிலத்தைப் படித்துச் சொல்வது என் வேலை. இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். 'ஃப்ளானல்' என்றால் என்ன துணி என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, "பட்டு மாதிரி நைனா, கொஞ்சம் அடக்கமா இருக்கும்" என்றேன். அதை நம்பித்தான் தாவீதுக்குக் கால்சட்டையும் கோட்டும் வரவழைத்தீர்கள். ஆம்பூரில் பாறை வெடிக்கிற மே மாதத்தில் கம்பளி உடுப்பு வந்து இறங்கியது. அதைப் போட்டுக்கொண்டு தாவீது தெருக்கோடி வரை போய், முகமெல்லாம் சிவந்து திரும்பி வந்தான்.

"சளி புடிக்காது" என்றீர்கள்.

"சளியா? இன்னும் கொஞ்ச நேரம் உட்டா புள்ள வெந்துடும்யா!" என்று அம்மா அதைக் கழற்றினாள்.

பட்டு ஏன் இப்படிக் குத்துகிறது என்று நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை, நைனா.

அதற்கு முன்பே நடந்ததுதான் ஃபிராக் விவகாரம். முதல் முதலாக நாம் வரவழைத்தது அதுதான். கேட்லாக்கின் நடுவில் ஒரு தாள் இருக்கும். பிள்ளையின் மார்பு எவ்வளவு, நீளம் எவ்வளவு, கை எவ்வளவு என்று எழுதி அனுப்ப வேண்டும். "இது நம்ம தொழிலுதானே" என்று சொல்லி ஷாப்பிலிருந்து மர அளவுகோலைக் கொண்டுவந்தீர்கள். என்னைப் பாயில் மல்லாக்கப் படுக்கச் சொன்னீர்கள். கையை இரண்டு பக்கமும் விரிக்கச் சொன்னீர்கள். படுத்த பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

"கழுத்துலருந்து வால் வரிக்கும்..." என்று முணுமுணுத்தீர்கள்.

"நைனா, எனக்கு வால் இல்ல."

"இருக்க வேண்டிய எடம் எனக்குத் தெரியும்மா. ஆடாத படு."

பிறகு ஒரு அக்குளிலிருந்து மற்ற அக்குள் வரைக்கும் கோலை வைத்து, "மாரு பன்னெண்டு அங்குலம். எழுதிக்கோ" என்றீர்கள். நானும் எழுதினேன். வகுப்பில் கணக்கில் முதல் மார்க்கு வாங்குகிறவள் நான். எனக்கும் தோன்றவில்லை.

ஃபிராக் வந்தது. வெள்ளைத் துணி, கழுத்தில் லேஸ், பின்னால் முத்துப் பொத்தான். தபால்காரர் ஏகாம்பரம் அண்ணன்கூட, போட்டுப் பார்ப்பதைக் கண்டுவிட்டுத்தான் போவேன் என்று வாசலில் நின்றார். தலை பாவாடைப் பகுதிக்குள் நுழைந்தது. அதற்கு மேல் எதுவும் நுழையவில்லை. அப்படியே கையைத் தூக்கிக்கொண்டு நான் நின்றேன். உள்ளேயிருந்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அம்மாவின் குரல் மட்டும் கேட்டது.

"இன்னாயா இது? புள்ளைக்குச் சட்டையா, சீசாவுக்கு உறையா?"

கம்பெனிக்குக் கோபமாக ஒரு கடிதம் சொன்னீர்கள். நான் கோபத்தைக் கம்மி செய்து ஆங்கிலத்தில் எழுதினேன். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. தாங்கள் அனுப்பியது முன்பக்கத்து அளவு மட்டும்தான் என்று தோன்றுகிறது, தயவுசெய்து நாடாவை உடம்பைச் சுற்றிப் பிடித்து அளக்கவும் என்று அதில் இருந்தது. நான் படித்து முடித்ததும் நீங்கள் நெற்றியில் அடித்துக்கொண்டீர்கள்.

"அடடா! முதுக உட்டுட்டேனே!"

வேறு யாராக இருந்தாலும் இதை வெளியே சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் அன்றைக்கே ஷாப்பு முழுவதும் சொல்லிவிட்டு வந்தீர்கள். முதலாளி பாய் விழுந்து விழுந்து சிரித்து, "மேஸ்திரி, உரிச்ச தோலுக்கு ஒரு பக்கம்தான்யா. உரிக்காத புள்ளைக்கு ரெண்டு பக்கம்!" என்றாராம். அதையும் வீட்டில் வந்து நீங்களே சொல்லிச் சிரித்தீர்கள். அந்த ஃபிராக்கில் அம்மா பூண்டு கட்டித் தொங்கவிட்டாள். அதன் பிறகு சுற்றி அளந்து வரவழைத்தவை எல்லாம் அழகாகப் பொருந்தின. அதையும் எழுதிவிடுகிறேன்.

எதற்காக இத்தனை பாடு? கடைத்தெருவிலேயே தையல்காரர் இருக்கிறாரே? நீங்கள் காரணம் சொன்னதே இல்லை. நான் பார்த்ததைச் சொல்கிறேன். அந்தத் தையல்காரர் எங்கள் தெருப் பிள்ளைகள் மேல் நாடாவை வைக்க மாட்டார். படிக்குக் கீழே நிற்க வைத்து, கண்ணாலேயே அளந்து, "வியாழக்கிழமை வா" என்பார். மவுண்ட் ரோட்டுக் கம்பெனியோ, கழுத்து எவ்வளவு, மணிக்கட்டு எவ்வளவு என்று கேட்டுக் கேட்டு எழுதியது. ஒவ்வொரு கடிதத்தையும் உங்களுக்கு 'அன்புள்ள ஐயா' என்று ஆரம்பித்தது. அந்த முதல் வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொல்வீர்கள். அதுதான் காரணமா, நைனா?

இனி நீங்கள் போன பிறகு நடந்தது.

கம்பெனிக்கு எதுவும் தெரியாது. ஜூலையில் ஒரு புத்தகம் வந்தது. ஏகாம்பரம் அண்ணன் ஊரில் இல்லாததால், பதிலாள் ஒருவர் வாசலில் நின்று "சாமுவேல் மேஸ்திரி!" என்று தெருவெல்லாம் கேட்கக் கூவினார். அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டாள். தாவீது ஓடிப்போய், "எங்க நைனா ஷாப்புக்குப் போயிகீறாரு" என்று சொல்லிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டான். அன்று சாயங்காலம் அம்மா என்னிடம், "நீதானே அவங்களுக்கு எழுதுவ. இனிமே அனுப்ப வேணாம்னு எழுதிப் போடுடி. அந்தப் பேர வாசல்ல கேட்டா என்னால தாங்க முடியல" என்றாள்.

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு, நான் தங்கிப் படிக்கும் வேலூருக்குத் திரும்பினேன். விடுதியில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் 'அன்புள்ள ஐயா, என் தகப்பனார்' என்று எழுதினேன். அடுத்த சொல் வரவில்லை. பூகோளப் புத்தகத்துக்குள் தாளை வைத்துவிட்டேன். அம்மா ஆள் மூலம் கேட்டனுப்பியபோது, போட்டாயிற்று என்று சொல்லியனுப்பினேன். இதுதான் எனக்குப் பெருமை சேர்க்காத விஷயம். மூன்று மாதமாக அம்மாவை ஏமாற்றினேன்.

இன்று பார்வையாளர் சனிக்கிழமை. அம்மா வந்தாள். பஸ் பள்ளிகொண்டாவில் வெகுநேரம் நின்றுவிட்டதாம். அதனால் கோபம் நன்றாக ஊறியிருந்தது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்ததும் முந்தானைக்குள்ளிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து மடியில் போட்டாள். கிறிஸ்துமஸ் கேட்லாக். அட்டையில் பனி பெய்துகொண்டிருந்தது.

"லெட்டர் போட்டுட்டேன்னு சொன்னியே?"

"சொன்னேம்மா."

"போட்டியா?"

"போடலம்மா."

"வேலூருக்கு அனுப்பிப் படிக்க வெச்சா, பொய்யி மட்டும் நல்லா படிச்சினு கீற!" என்றாள். பக்கத்து மரத்தடி வரைக்கும் கேட்டது. மேட்ரன் அம்மா திரும்பிப் பார்த்தார்.

நான் ஓடிப்போய்ப் பூகோளப் புத்தகத்தை எடுத்துவந்து அந்தத் தாளைக் காட்டினேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதுகூட எனக்கு அப்போது நினைவில்லை.

"இன்னா எழுதிகீற இதுல?"

"'அன்புள்ள ஐயா, என் தகப்பனார்'. அவ்ளோதாம்மா."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் வரலம்மா."

அம்மா அந்தத் தாளை மடித்து என் புத்தகத்துக்குள் வைத்தாள். பிறகு கொண்டுவந்த வேர்க்கடலை உருண்டையை இரண்டாக உடைத்து, பெரிய துண்டை என்னிடம் கொடுத்தாள். இடுப்பிலிருந்து ஒரு நூல்கயிற்றை எடுத்தாள். அதில் நான்கு முடிச்சுகள்.

"தாவீதுக்குக் கிறிஸ்மஸ்ஸுக்குச் சட்ட தைக்கணும்னு கடத்தெருவுக்கு இட்டுனு போனேன். அந்தாளு குனிஞ்சுகூடப் பாக்கல. கண்ணாலயே அளந்துட்டு, 'போ'ன்றான். எனக்கு இன்னாவோ ஆயிடுச்சு. ஊட்டுக்கு வந்து நானே அளந்தேன். பெரிய முடிச்சு மாரு. அடுத்தது கை. மூணாவது நீளம். உங்க நைனா மாதிரி தோல அளக்கல. புள்ளைய அளந்துகீறேன். இந்தப் பொஸ்தகத்துலயே வரவழைச்சிடலாம்."

"நாலாவது?"

"அது வளர்றதுக்கு."

நான் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். வளர்வதற்கு மட்டும் ஆறு அங்குலம் விட்டிருந்தாள். அம்மா புத்தகத்தில் அவனுக்கென்று மடித்து வைத்திருந்த மாலுமி உடுப்புக்குள் அவன் குடியிருக்க வேண்டியதுதான் என்றேன். வெகுநேரம் பேரம் பேசி இரண்டு அங்குலத்துக்குச் சம்மதித்தாள்.

கேட்லாக்கின் நடுத்தாளில் அளவெல்லாம் எழுதியாயிற்று. தாளின் மேலே, பெயர் என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது. பேனாவை அங்கே கொண்டுபோய் வைத்தேன்.

"நைனா பேர எழுதட்டுமாம்மா?"

"வேணாம். பொய்யி போதும். என் பேர எழுது. ரெபெக்காள்னு எழுது. என் பேரச் சொல்லிக் கூப்புட்டா எழுந்து போயி வாங்கிக்கிறேன்."

"'அன்புள்ள அம்மணி'ன்னு எழுதுவாங்கம்மா உனக்கு."

"எனக்கா? ஐயய்ய! வெள்ளக்கார மிஸ்ஸியம்மாவுக்குல்ல அப்பிடி எழுதுவாங்க!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்து, "எழுதுனா எழுதட்டும்" என்றாள்.

பெயர் மாறியதற்குக் காரணம் எழுத வேண்டும் அல்லவா? அம்மாவிடம் சொன்னேன். "எழுது. நான் பக்கத்துலயேதான் உக்காந்துனு கீறேன்" என்றாள். பழைய தாளை எடுத்து, நின்றுபோன இடத்திலிருந்து எழுதினேன். என் தகப்பனார் ஜூன் மாதம் காலமானார். ஆங்கிலத்தில் மொத்தம் ஐந்து சொற்கள்தான், நைனா. பிழை எதுவும் இல்லை.

"எழுதிட்டியா? படி."

ஆங்கிலத்திலேயே படித்தேன். அம்மாவுக்கு ஒரு சொல்லும் புரியாது. ஆனாலும் தலையைச் சாய்த்துக் கடைசிவரை கேட்டாள்.

"சரியாத்தான் கீது" என்றாள். முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்து போனாள்.

கடிதமும் ஆர்டர் தாளும் இப்போது உறைக்குள் இருக்கின்றன. விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டிவிட்டேன். திங்கட்கிழமை காலை வகுப்புக்குப் போவதற்கு முன் நானே கொண்டுபோய்த் தபால்பெட்டியில் போடுவேன். உள்ளே விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் அங்கிருந்து நகர்வேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

விளக்கை அணைத்துவிட்டார்கள், நைனா. இந்தக் கடைசி வரி கோணலாக இருந்தால் அது இருட்டின் குற்றம், என் கையின் குற்றம் அல்ல.

இரண்டு பக்கமும் உள்ள உங்கள் மகள்,
லீதியாள்