சேவல் குடித்த தெளிந்த நீர்

நண்பா, என் மேசைமேல் உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைச் சவ்வு கிடக்கிறது. ஊர்க் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் இடத்தில் சோதனை நடத்துகிற பெண் கொடுத்தது. தடவினால், அந்நாளில் பட்டுப்புடவையைச் சுற்றி வந்த கண்ணாடிக் காகிதம் போலவே வழுக்குகிறது. முதலில் உன்மேல் கோபம் வந்தது. பிறகுதான் நீ நினைவுக்கு வந்தாய்.

எழுபதுகளின் நடுவில் நீ ஐயம்பேட்டைப் பக்கம் மாட்டு ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். நான் பட்டுக்குச் சாயம் காய்ச்சுகிறவன். "பொம்பளைங்களுக்குக் குடுக்கற ஹார்மோன் மாத்திரை உடம்போட முடியறது இல்லபா. மூத்திரத்துல வந்து கால்வாய்க்குப் போவுது, அங்கருந்து கெணத்துக்கு எறங்குது" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அதை நீ மறந்திருக்கக் கூடாது.

அந்த மருந்தை நீரிலிருந்து வடிக்க நானே ஒரு வடிகட்டி செய்தேன். பித்தளை உருளையின் அடியில் துளைத்தகடு, அதன்மேல் பட்டுத்துணி, அதன்மேல் கண்ணாடிக் காகிதம். சைக்கிள் பம்பால் காற்றடித்தால் நீர் சொட்டுச் சொட்டாக இறங்கும். படித்தவன் எவனும் எனக்குச் சொல்லித் தரவில்லை. மாத்திரை கரைத்த நீருக்கு நிறமில்லை. நகராட்சி அதிகாரி கண்ணால் பார்க்க வேண்டுமே என்று நான்தான் அதில் சிவப்புச் சாயத்தைக் கலந்தேன். மேலே சிவப்பு நின்றது, கீழே தெளிந்த நீர் இறங்கியது. மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொல்லி அதிகாரி பேனாவைத் திறந்தார்.

அப்போது அக்குளில் சேவலோடு நீ வந்தாய். சில வாரங்களாக என் சோதனைகளில் இறங்கிய தெளிந்த நீரைத்தான் அதற்குக் கொடுத்திருந்தாய். கொண்டை வெளுத்துச் சுருங்கிக் கிடந்தது.

"கூவறதையே வுட்டுடுச்சிபா. சாயம் நின்னுச்சு, பொம்பளைங்க மருந்து எறங்கிடுச்சு. உன் கண்ணுக்குக் கலர் போனா எல்லாம் போச்சு."

"அத்த நேத்தே சொல்றதுக்கு இன்னா? என் மானத்த வாங்கத்தான் கோழியத் தூக்கினு வந்தியா?"

"அவரு கையெழுத்துப் போட்டா ஊரே குடிக்கும்பா."

அதிகாரி பேனாவை மூடினார். சேவலைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அதோடு பேச்சை நிறுத்தினேன். உனக்கு மாற்றல் வந்தபோதும் வழியனுப்ப வரவில்லை. நீ இறந்துபோன செய்தியும் தாமதமாகத்தான் எட்டியது.

நேற்று அந்தப் பெண்ணிடம், "எந்தச் சாயத்தப் போட்டுப் பாத்தீங்கம்மா?" என்று கேட்டேன்.

"சாயமெல்லாம் இல்ல தாத்தா. ஹார்மோனையே அளக்கறோம். பெரும்பாலும் இந்தச் சவ்வுலயே நின்னுடுது. மிச்சத்தையும் புடிச்சிடுவோம்."

உன் சந்தேகமும் என் உருளையும் அங்கே ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

அதிகாரி முன்னால் நீ அப்படிச் செய்திருக்கக் கூடாது. இதில் எனக்கு இன்றும் மாற்றமில்லை. ஆனால் உனக்குச் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்தச் சேவலுக்குப் பிடித்துவைத்த மழைநீரை மட்டும் கொடுத்துவந்தேன். மெல்ல மெல்லக் கொண்டை சிவந்தது. நீ ஊரைவிட்டுப் போன பிறகு ஒரு காலையில் சாயத்தொட்டி விளிம்பில் ஏறி நின்றது. உனக்கு எழுத எடுத்த தாளை வீம்பில் மடித்து வைத்துவிட்டேன்.

அது கூவியதப்பா. தெருவே திரும்பிப் பார்க்கும்படி கூவியது.